ஊர் ஊராகக் கொட்டகை போட்ட கவிஞர்

நகர அரங்குகளில் புகழ் பெற்ற நாடக ஆசிரியர் பலர் உண்டு. அரங்கையே லாரியில் ஏற்றிக்கொண்டு கிராமங்களைத் தேடிச் சென்றவர் ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் பெடரிக்கோ கார்சியா லோர்கா. அவரது வாழ்வை நாம் சிறிது அறிவோமா?

1898-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், கிரானடா நகருக்கு அருகிலுள்ள புவென்தே வாக்கெரோஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நிலக்கிழார், தாய் ஆசிரியை. சிறுவயதில் மாதா சுரூபம் வைத்துப் பூசை நடத்துவது அவரது விளையாட்டு. அவர் பிரசங்கம் செய்யும்போது வீட்டார் அனைவரும் அழ வேண்டுமாம்! ஊருக்கு வந்த பொம்மலாட்டம் அவரது நாடக ஆசையை வளர்த்தது.

1931-இல் ஸ்பெயின் குடியரசாயிற்று. கிராமங்களிலோ வறுமையும் எழுத்தறியாமையும் மிகுந்திருந்தன. மறு ஆண்டு லோர்கா பல்கலைக்கழக மாணவ மாணவியரைச் சேர்த்து 'லா பாரக்கா' என்னும் குழுவை நடத்தத் தொடங்கினார். கொட்டகை என்பது அதன் பொருள். எவருக்கும் சம்பளம் இல்லை. மேடையை அவர்களே இறக்கி, ஊர்ச் சதுக்கத்தில் கட்டினர். அரசு உதவியதால் ஏழைகள் இலவசமாகக் கண்டு களித்தனர். கால்தெரோன் எழுதிய ஞான நாடகத்தில் லோர்காவே கறுப்பு உடை அணிந்து 'நிழல்' என்னும் பாத்திரமாகத் தோன்றினார்.

லோப்பே தே வேகாவின் 'புவென்தே ஒவெகூனா' நாடகத்தை அக்காலக் கிராமத்தார் உடையிலேயே நடிக்கச் செய்தார். கொடிய தளபதியை எதிர்த்து ஓர் ஊரே திரள்கிறது. விசாரணையில் எவரும் எவரையும் காட்டிக் கொடுப்பதில்லை. இதுவே கதை.

ஆனால் நாட்டில் பகைமை முற்றியது. குழுவுக்கு எதிர்ப்பு எழுந்தது, உதவித்தொகையும் குறைந்தது. 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரே ஊரார் ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்கும் காலம் வந்தது. சொந்த மண்ணுக்குத் திரும்பியிருந்த லோர்கா ஆகஸ்டில் கைதாகி, விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 38. அவரது உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்த ஜூனில் அவர் எழுதி முடித்த, கிராமத்துப் பெண்களைப் பற்றிய 'பெர்னார்தா ஆல்பாவின் இல்லம்' 1945-இல் புவனோஸ் அயர்சில் மேடையேறியது. போர் அவரைக் கொன்றது. அவரது நாடகத்தைக் கொல்ல இயலவில்லை.

தோழியரே, ஆண்டு விழாவில் நாம் ஒன்றாகத் திரை கட்டுகிறோம். ஒருத்தி வசனம் மறந்தால் மற்றவள் எடுத்துக் கொடுக்கிறோம். திரை விழுந்த பின்னும் ஒருவரையொருவர் கைவிடாதிருப்போமாக!