கிட்டியும் அச்சும்: கஜுலு லட்சுமிநரசு செட்டியின் பொதுவாழ்வும் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணையும்

முன்னுரை

கஜுலு லட்சுமிநரசு செட்டி (1806–1868) தென்னிந்தியப் பொதுவாழ்வின் முன்னோடியாக வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளார். எனினும், அவ்விடம் பெரும்பாலும் இரு செய்திகளோடு நின்றுவிடுகிறது: கிறித்தவ மதமாற்றத்துக்கு அரசு துணைபோவதை எதிர்த்தமை ஒன்று, சென்னைச் சுதேசிகள் சங்கத்தைத் தோற்றுவித்தமை மற்றொன்று. வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் மாகாணமெங்கும் நடந்துவந்த உடல்வதையை அவர் இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை கொண்டுசென்றார். அச்செயல் அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் ஓரிரு வரிகளில் கடந்துபோகப்படுகிறது. அதுவே அவருடைய பொதுவாழ்வின் நடுநாயகமான பணி என்பது இக்கட்டுரையின் கருத்து. உழவனின் துன்பத்தை அச்சிட ஓர் இதழ் இருந்தும், அதை எழுப்பிப் பேச அவனால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இல்லாத காலம் அது. அந்த இடைவெளியை ஒரு வணிகர் எவ்வாறு கடந்தார் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கச்சேரியும் காவலும்

செஞ்சிக் கோட்டைக்கு வடமேற்கே அமைந்த அவலூர்பேட்டை இன்று விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் வட்டத்தைச் சேர்ந்தது. அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு பகுதி. 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது தென்னார்க்காடும் வந்தது. ஆறும் வாய்க்காலும் வளப்படுத்திய நாடன்று இது. ஏரியையும் கிணற்றையும் நம்பிய மேட்டுநிலப் பகுதி. மழை பொய்த்த ஆண்டிலும் கிஸ்தி பொய்ப்பதில்லை. இரயத்துவாரி முறையில் உழவன் நேரே அரசுக்குக் கடமைப்பட்டவன். எனவே அவனுக்கும் அரசுக்கும் இடையே நின்றவர்கள் கர்ணமும் மணியக்காரரும் தாசில்தாரும் அவருடைய சேவகர்களுமே.

1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி தாசில்தாரையே தாலுகாவின் காவல்துறைத் தலைவராகவும் ஆக்கியது. நிலுவையைத் தண்டுபவரும், திருட்டை விசாரிப்பவரும், ஆளைப் பிடித்து அடைப்பவரும் ஒருவரே. பகலில் வரிப்பாக்கிக்காக வெயிலில் நிறுத்திய சேவகனே இரவில் களவுக் குற்றத்துக்கு ஒப்புதல் வாங்கவும் வந்தான். முறையிட வேண்டுமானால் கலெக்டரை நாட வேண்டும். அவலூர்பேட்டையிலிருந்து கடலூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்; நடந்தே செல்ல வேண்டும்; சென்று சேர்ந்தாலும் மனு விசாரணைக்காகத் திரும்பி வருவது அதே தாசில்தாரிடம். திரும்பி வந்த மனுவின் விளைவு என்னவாக இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வணிகர் இதழாசிரியராதல்

லட்சுமிநரசு சென்னையில் தெலுங்கு பேசும் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை சித்துலு செட்டி துணியும் அவுரியும் விற்றுப் பொருளீட்டியவர். மகனும் அத்தொழிலிலேயே வளர்ந்தார். முறையான கல்வி மிகுதியாக வாய்க்கவில்லை. ஆனால் பொதுச்செய்திகளை விவாதிக்கும் ஆர்வம் இளமையிலேயே அவரிடம் இருந்தது. ஈட்டிய செல்வத்தை இதழுக்குச் செலவிடத் துணிந்தது அவ்வார்வத்தின் விளைவே.

1844 அக்டோபர் 2ஆம் நாள் ‘கிரசென்ட்’ என்னும் ஆங்கில இதழ் அவரால் தொடங்கப்பட்டது. எட்வர்டு ஹார்லி என்னும் ஆங்கிலேயர் ஆசிரியப் பொறுப்பேற்றார். இந்துக்களின் நிலையை உயர்த்துவதே இதழின் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. இதழ் வெளிவருவதற்கான விளம்பரத்தைத் தன் அரசிதழில் இட அரசு மறுத்துவிட்டது. டுவீட்டேல் பிரபு ஆளுநராக இருந்த காலம் அது. ஆட்சியாளர் சிலர் சமயப் பரப்பாளர்க்கு வெளிப்படையாகவே துணைநின்றனர்; அரசுக் கல்விக்கூடத்தில் விவிலியத்தைப் பாடமாக வைக்கும் முயற்சியும் எழுந்தது. 1846இல் சென்னையில் நடந்த பொதுக்கூட்டமும் கம்பெனி இயக்குநர்களுக்கு அனுப்பிய விண்ணப்பமும் இவற்றுக்கு எதிராக அவர் முன்னின்று நடத்தியவை. இப்பகுதி ஏற்கெனவே விரிவாக எழுதப்பட்டுள்ளமையால் இங்குத் தொடரப்படவில்லை. ஆயினும், அன்றைய அரசு அவரை ஐயத்தோடு நோக்கியது என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இதழின் மொழி பற்றி ஒன்று கூறவேண்டும். அது ஆங்கிலத்தில் வந்தது. தன்னைப் பற்றி அதில் அச்சானதைத் தென்னார்க்காட்டு உழவன் படித்திருக்க இயலாது. இதைக் குறையெனக் கொள்வார் உளர். ஆனால் அவர் இதழின் இலக்கு உழவனைப் படிக்கவைப்பதன்று. அவனை ஆண்டவர்கள் படிக்காமல் இருக்க முடியாதபடி செய்வது. அவ்வகையில் மொழித்தேர்வு பொருத்தமானதே. அதே வேளையில், மிராசுதார்களும் வணிகர்களும் நிறைந்த அவ்வட்டத்தில் படியாட்களின் துன்பம் எந்த அளவுக்கு இடம்பெற்றது என்ற வினாவும் எழுகிறது. நிலவரி செலுத்துவோரின் குறையே அங்கு ஓங்கி ஒலித்தது எனலாம்.

சங்கமும் தொலைவிலிருந்து வந்த உறுப்பினரும்

1852 பிப்ரவரி 26இல் சென்னைச் சுதேசிகள் சங்கம் உருவாயிற்று. கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்படவிருந்த நேரம் அது. வரிச்சுமை, அதை வசூலிக்கும் முறையில் நேரும் துன்பங்கள், நீதிமன்றங்களின் காலத்தாழ்வும் செலவும் ஆகியவற்றை விரித்துரைத்த விண்ணப்பம் ஒன்றைச் சங்கம் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1853இல் சாசனச் சட்டம் நிறைவேறியது. விண்ணப்பம் கேட்டவற்றுள் பெரும்பாலானவை கிடைக்கவில்லை. காகிதத்துக்கு உள்ள வலிமையின் எல்லையை லட்சுமிநரசு அப்போது உணர்ந்திருக்க வேண்டும். அடுத்து அவர் செய்தது வேறு வகையான செயல்.

பூல் தொகுதியின் உறுப்பினராகக் காமன்ஸ் அவையில் இருந்தவர் ஹென்றி டான்பி சேமோர். 1853இல் இலண்டனில் தோன்றிய இந்தியச் சீர்திருத்தக் கழகத்தின் தலைவராகவும் அவர் விளங்கினார். அவ்வாண்டின் இறுதியில் அவர் சென்னைக்கு வந்தபோது லட்சுமிநரசு அவரை விருந்தினராக ஏற்றார். உடனிருந்து உள்நாட்டு மாவட்டங்களுக்கும் அழைத்துச் சென்றார். உழவர்கள் தம் வாயாலேயே தமக்கு நேர்ந்ததைக் கூற, வேற்றுநாட்டு உறுப்பினர் கேட்கும் நிலை உண்டாயிற்று. இச்சந்திப்புகளை ஏற்பாடு செய்தவர் வணிகர். வழிச்செலவு, மொழிபெயர்ப்பு, அறிமுகம் ஆகிய அனைத்தும் உள்ளூரார் துணையின்றி நடவாதவை. சேமோரின் பெயர் நாடாளுமன்றப் பதிவுகளில் நிலைத்தது. லட்சுமிநரசுவின் பணி பின்புலத்தில் மறைந்தது.

1854 ஜூலையில் சென்னை மாகாண நிலவரி பற்றிய விவாதம் காமன்ஸ் அவையில் எழுந்தபோது, வரி வசூலுக்காக உடல்வதை நடைபெறுவதைச் சேமோர் அவையறியக் கூறினார். கம்பெனியின் சார்பில் பேசியோர் அதனை நம்ப மறுத்தனர். தம் நீண்டகால இந்தியப் பணியில் அத்தகைய ஒன்றைக் கண்டதில்லை என்றனர். மறுப்பு வலுவாக இருந்தமையாலேயே விசாரணை தவிர்க்க இயலாததாயிற்று. பத்தாண்டுகளாகச் சென்னையில் ஓர் இதழ் எழுதிவந்தும் அசையாத அரசு, அவையில் எழுந்த ஓர் உரைக்குப் பின் சில மாதங்களில் ஆணையம் அமைத்தது. அவ்வுரையை ஆற்றியவரைத் தேர்ந்தெடுத்தவர்களோ ஆங்கிலக் கடற்கரை நகரொன்றின் வாக்காளர்கள்!

ஆணையத்தின் ஏட்டில் தமிழ்ச் சொற்கள்

சென்னை அரசு அமைத்த ஆணையத்தில் மூவர் இருந்தனர். எலியட் சென்னை நகரின் தலைமை நீதவானாகவும் காவல் பொறுப்பாளராகவும் இருந்தவர். ஸ்டோக்ஸ் ஆட்சிப்பணி அலுவலர். ஜான் புரூஸ் நார்ட்டன் வழக்கறிஞர். தென்னிந்திய நீதிமன்றங்களின் குறைகளை முன்னரே நூலாக எழுதி அரசின் வெறுப்பைப் பெற்றவர். முறையீடுகள் பெறுவதற்கு மூன்று மாதங்களே அளிக்கப்பட்டன. அக்குறுகிய காலத்துக்குள் 519 பேர் நேரில் வந்தனர். 1,440 முறையீடுகள் எழுத்தில் வந்தன. அவலூர்பேட்டை போன்ற ஊரிலிருந்து சென்னை 150 கிலோமீட்டருக்கு மேல். அதனினும் பன்மடங்கு தொலைவிலிருந்து நடந்துவந்தவர்களும் இருந்தனர். பயிரையும் குடும்பத்தையும் விட்டு, திரும்பிச் சென்றபின் அதே சேவகர்களின் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதை அறிந்தே வந்தவர்கள் அவர்கள்.

1855 ஏப்ரல் 16ஆம் நாளிட்ட அறிக்கை, உடல்வதை மாகாணத்தில் பரவலாக நடைபெறுகிறது என ஒப்புக்கொண்டது. தமிழாய்வாளர்க்கு அவ்வறிக்கை மற்றொரு வகையிலும் முதன்மையானது. வதை முறைகளின் பெயர்கள் அதில் தமிழ்ச் சொற்களாகவே ஆங்கில எழுத்தில் பதிவாகியுள்ளன. கிட்டி என்பது ஒரு முனையில் பிணைக்கப்பட்ட இரு கோல்கள். இடையில் விரல்களை வைத்து நெருக்குவது. நெருங்குதலைக் குறிக்கும் ‘கிட்டு’ என்னும் வினையோடு அச்சொல்லின் பொருள் ஒத்துச் செல்கிறது. சிறுவர் விளையாட்டான கிட்டிப்புள்ளில் அதே சொல் கேடின்றி வாழ்வது வியப்பு. அண்ணாந்தாள் இன்னும் நுட்பமான சொல். அண்ணாத்தல் மேல்நோக்குதல். ஆனால் அறிக்கை விவரிப்பதோ, ஒருவனது துணியையோ வைக்கோல் கயிற்றையோ கழுத்துக்கு மேலாகவும் கால்விரல்களுக்குக் கீழாகவும் செலுத்திக் கட்டி, அவனைக் குனிந்த நிலையில் நிறுத்துவதை. திண்ணைப் பள்ளித் தண்டனைகளுள்ளும் இப்பெயர் வழங்கியது. தலைநிமிர்த்தும் தண்டனையின் பெயர் தலைகுனியவைக்கும் வதைக்கு எவ்வாறு பெயர்ந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. வெயிலில் நிறுத்தல், முதுகில் கல்லேற்றல், உணவும் நீரும் மறுத்தல், மிளகாய்த்தூள் இடுதல் என அறிக்கையின் பட்டியல் நீள்கிறது.

அறிக்கையின் முடிவு ஒன்று மறுப்புக்குரியது. பழி முழுவதையும் உள்நாட்டுக் கீழ்நிலைப் பணியாளர் மேல் சுமத்தி, ஐரோப்பிய அலுவலர்களுக்கு இதில் தொடர்பில்லை என்றது அது. கிட்டியைப் பிடித்த கை சேவகனுடையதே, ஐயமில்லை. ஆனால் விளையாத நிலத்துக்கும் முழுத் தொகை வந்தாக வேண்டும் என்ற நெருக்குதல் தாலுகாவில் பிறந்ததன்று. வசூல் குறைந்த தாசில்தார் வேலை இழப்பார். வசூல் நிறைந்தால், எப்படி வந்தது என்று கேட்பாரில்லை. 1857இல் நியூயார்க் நாளிதழொன்றில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்சும் ஐரோப்பியர் விடுவிக்கப்பட்டதை ஏற்கவில்லை.

விளைவுகள்

1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணக் காவல்துறையை வருவாய்த்துறையிலிருந்து பிரித்தது. தாசில்தாரின் கையிலிருந்து தடி வேறு கைக்கு மாறியது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 330ஆம் பிரிவில் ஒப்புதல் வாங்குவதற்காகக் காயப்படுத்துவதைக் குற்றமாக்கியது. வரிப்பாக்கியைச் செலுத்தச் செய்ய ஒருவரை வதைக்கும் வருவாய் அலுவலரை அப்பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று காட்டுகிறது. காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக ஏற்காத விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, பின்னர் 1872இன் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாயிற்று. அவ்விதி நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் தேவைப்படுகிறது என்பதே காவல் சீர்திருத்தத்தின் அளவைக் காட்டும். வருவாய் வதை மெல்லக் குறைந்தது. விசாரணை வதை தொடர்ந்தது.

ஐயத்தோடு நோக்கிய அரசு பின்னர் லட்சுமிநரசுவைச் சிறப்பித்தது. 1860களில் சி.எஸ்.ஐ. பட்டம் பெற்றவராகவும் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினராகவும் அவரைக் காண்கிறோம். யாரும் அவருக்கு வாக்களிக்கவில்லை. வாக்களிக்கும் முறையும் அன்று இல்லை. இதழுக்கும் பொதுப்பணிக்கும் செலவிட்ட செல்வம் திரும்பவில்லை. 1868இல் அவர் இறந்தபோது தந்தை ஈட்டிய பொருளிலும் தாம் ஈட்டியதிலும் எஞ்சியது சிறிதே.

சட்டமன்றத்துக்குத் தேர்தல் வழியாக உறுப்பினர் செல்லும் வாய்ப்பு 1892க்குப் பின் மறைமுகமாகவும், 1920இல் சொத்துள்ள சிலருக்கு நேரடியாகவும் கிட்டியது. கிஸ்தி செலுத்த இயலாமல் கச்சேரியில் நிறுத்தப்பட்டவரின் வழித்தோன்றல்கள் செஞ்சி வட்டாரத்தில் முதன்முதலாக வாக்குச்சாவடியில் நின்றது, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்த 1952 பொதுத்தேர்தலில்தான்.