வானூர்தி வல்லுநர் கூர்ட் டாங்க்

1898இல் பிறந்த கூர்ட் டாங்க், ஹிட்லர் கால ஜெர்மனியில் ஃபோக்கெவுல்ஃப் 190 என்னும் போர்விமானத்தை வகுத்தவர். போருக்குப் பின் அர்ஜென்டினாவில் பணியாற்றி, 1956இல் தம் குழுவினருடன் பெங்களூர் வந்தார். ஒலியை முந்தும் இந்தியப் போர்விமானம் ஒன்றை ஆக்கித் தருவது அவர் ஏற்ற பொறுப்பு. அதுவே ‘மாருத்’.

பின்னெரிப்பு வசதி கொண்ட ஆர்ஃபியஸ் 12 எஞ்சினை நம்பியே அவர் விமானத்தை வரைந்தார். ஜெட் எஞ்சினில் சுழலியைக் கடந்து வரும் சூடான காற்றில் பிராணவாயு இன்னும் எஞ்சியிருக்கும். அங்கே மேலும் எரிபொருளைத் தெளித்துக் கொளுத்தினால், காற்று முன்னிலும் விரைந்து வெளிப்படும், உந்துவிசை ஓங்கும். எண்ணெயை அள்ளி விழுங்கும் முறைதான். பயணிகள் விமானத்துக்கு ஆகாது. போர்விமானத்துக்கோ சில நிமிடங்களே தேவை!

அந்த எஞ்சின் ஏறத்தாழ 3,700 கிலோ உந்துவிசை தரவிருந்தது. பிரிட்டனில் திட்டம் கைவிடப்பட்டது. அதை முடிக்கும் செலவை ஏற்க இந்தியாவும் முன்வரவில்லை. இதைச் சிக்கனம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பின்னெரிப்பில்லாத, தலா 2,200 கிலோ தரும் ஆர்ஃபியஸ் 703 இரண்டைப் பூட்டியே 1961 ஜூன் 17இல் மாருத் பறந்தது. ஒலியின் இருமடங்கு வேகத்துக்கென வகுத்த விமானம், ஒலியின் வேகத்தையே அரிதின் எட்டியது. ஆயினும் 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தாழப் பறந்து தரைப்படைக்குத் துணைநின்றது.

டாங்க் 1983இல் மூனிக்கில் மறைந்தார். மாருத் 1990 வரை பணியில் இருந்தது, அதே எஞ்சின்களுடன்.