மகா வைத்தியநாத சிவன்

நாதம் சுத்தமாயையினின்று தோன்றும் முதற் காரியம் என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. மாயையின் காரியம் ஆதலின் அது தானே அறிவதும் அன்று; தானே வீடு தருவதும் அன்று. உயிர் அதனைக் கருவியாகக் கொண்டு தன் அன்பை எவ்விடத்துச் செலுத்துகின்றதோ, அவ்விடத்திற்கு ஏற்ற பயனையே அது பயக்கும். ஒரே இசை செல்வர் மாளிகையிற் பொருள் தேடவும் உதவும். சிவசந்நிதியில் உள்ளத்தை உருக்கவும் உதவும். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிச் சென்ற இசைப்பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

சோழநாட்டில், தஞ்சையைச் சார்ந்த வையைச்சேரி என்னும் சிற்றூரில், 1844-ஆம் ஆண்டில் வைத்தியநாதர் தோன்றினார். அவர் பிறந்த குடி சிவபக்தியிலும் சங்கீதத்திலும் சிறந்தது. தந்தையாரே முதலாசிரியர். பின்னர் இவரும் இவர்தம் தமையனார் இராமசாமியும் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரை அடைந்து பயின்றனர். வேங்கடசுப்பையர், 1847-ஆம் ஆண்டில் திருவையாற்றில் மறைந்த தியாகராஜ சுவாமிகளின் உறவினரும் மாணவரும் ஆவார். ஆகவே தியாகராஜரின் மரபு ஒரு தலைமுறை இடைநிற்க நம் வைத்தியநாதரை வந்தடைந்தது எனலாம். மூன்று ஸ்தாயிகளிலும் தடையின்றிச் சஞ்சரிக்கும் சாரீரமும், இடைவிடாத சாதகமும் ஒருங்கே வாய்க்கவே, இளம்பருவத்திலேயே அவர் பெயர் நாடெங்கும் பரவலாயிற்று.

அவருக்கு வயது 12 ஆயிருந்தபோது கல்லிடைக்குறிச்சியில் வித்துவான்கள் கூடிய சபை ஒன்று நிகழ்ந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தில் அந்நாளிற் சின்னப்பட்டத்தில் வீற்றிருந்த மேலகரம் சுப்பிரமணிய தேசிகரே அதற்குத் தலைவர். வைத்தியநாதர் என்னும் பெயருடைய வேறு இரு வித்துவான்களும் அச்சபையில் இருந்தனர். முதிர்ந்த அவர்கள் முன்னிலையிற் சிறுவர் காட்டிய திறத்தைக் கண்டு சபையோர் வியந்து, மகா என்னும் அடைமொழியை அவருக்கு வழங்கினர். செந்தமிழையும் சித்தாந்த சாஸ்திரங்களையும் போற்றி வளர்த்த ஆதீனம் ஒன்று, இசைப்புலமையையும் அங்ஙனமே அறிந்து போற்றியது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்று.

அப்பட்டம் அவரைச் செருக்கின்பாற் செலுத்தவில்லை. விபூதி உருத்திராக்கங்களும், நாள்தோறும் வழுவாத சிவபூசையும், நாவில் நீங்காத ஐந்தெழுத்துமே தமக்கு அணிகள் எனக் கொண்டு வாழ்ந்தார். அதனாலேயே உலகம் அவரையும் அவர் தமையனாரையும் சிவன் என்றே வழங்கலாயிற்று. இராமசாமி சிவன் தமிழில் வல்லவர். பெரியபுராணத்து அடியார் வரலாறுகளைக் கீர்த்தனைகளாக இயற்றியவர். தமையனார் துணையாக இருப்ப, தம்பியார் சிவகதைகளைக் காலட்சேபமாகச் செய்துவந்தார். சேக்கிழார் பெருமானின் நூலைப் படித்தறியாத எளியோரும், இவ்விருவர் வாயிலாக நாயன்மார்களின் தொண்டை அறிந்து கண்ணீர் சொரிந்தனர். தம் இசையைக் கேட்டோரை இசையளவில் நிறுத்திவிடாது அடியார் திறத்தில் ஈடுபடச் செய்தமை அவர் ஆசிரியத் தன்மைக்கு முதல் அடையாளமாம்.

இனி அவர் சரிதத்துள் யாம் பெரிதாகக் கருதும் பகுதிக்கு வருவோம். தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-ஆம் ஆண்டிற் காலஞ்சென்றபின், அவர் மருமகர் சகாராம் சாகேபு அரண்மனையிற் கலைஞர்களை ஆதரித்து வந்தார். லாவணி வேங்கடராவ் என்னும் புலவர் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்களும் அமைய, அப்பிரபுவைப் புகழ்ந்து ஒரு நீண்ட பாட்டு இயற்றினார். அதற்கு இசையமைக்கும் பணி நம் சிவனாரிடம் வந்தது. அவர் அதனைத் திறம்பட முடித்தார். ஆயினும் அவர் உள்ளம் அமைதியுறவில்லை. இத்துணை அரிய இசைக்கோலத்தை மானிடர் ஒருவரின் புகழ்ச்சிக்கு உரியதாக்கினோமே என்னும் எண்ணம் அவரை வருத்தியது.

அவ்வருத்தத்தின் பயனாகப் பிறந்ததே மேளராகமாலிகை. திருவையாற்றில் எழுந்தருளிய பிரணதார்த்திஹரனாகிய ஐயாறப்பரை விளித்து, வடமொழியில் அதனை அவர் பாடினார். பல்லவி ஸ்ரீராகத்தில் அமைந்தது. அதன்பின் கனகாங்கி முதலாகச் சுத்த மத்தியம மேளங்கள் 36-உம், பிரதி மத்தியம மேளங்கள் 36-உம் முறையே வருகின்றன. ஒவ்வொரு மேளத்தின் பெயரும் இறைவன் புகழோடு இயைந்து பொருள்படுமாறு சாகித்தியத்துள் பொதிந்திருக்கின்றது. ஒவ்வோர் அடியின் பின்னும் வரும் சுரக்கோவை, முற்பாதி அவ்விராகத்திலும் பிற்பாதி அடுத்த இராகத்திலும் அமைந்து, கேட்போரைத் தடையின்றி அழைத்துச் செல்கின்றது. சிங்கநந்தன தாளத்தின் 128 அட்சரங்களில் அவர் கானடா இராகத்தில் அமைத்த தில்லானாவும் கெளரியின் நாயகனாகிய சிவபெருமானையே பாடுவது. கணக்கின் அருமையைக் காட்டுதற்கு உரிய இடத்திலும் அவர் கருத்து இறைவன்பால் நின்றது.

நம்பியாரூரர் திருப்புகலூர்ப் பதிகத்திற் புலவர்களை நோக்கி, ஈயாத மாந்தரைப் புகழ்ந்து உழலாது இறைவனைப் பாடுமாறு அறிவுறுத்தினார். திருநாவுக்கரசு சுவாமிகள் பல்லவ வேந்தன் ஆணைக்கு அஞ்சாது தாம் சிவனுக்கே ஆட்பட்டமையை உரைத்தார். அவ்வடிகள் கயிலைக் காட்சி கண்ட தலமும் திருவையாறேயாம். பிரபுவுக்காக அமைந்த இசைக்கோலத்திற்கு ஈடாக ஒன்றை ஐயாறப்பரின் திருவடியிற் சேர்த்தபோது, நம் சிவனார் அவ்விருவரும் காட்டிய நெறியிலேயே நின்றார். மேளங்கள் 72-உம் முன்னர் இருந்தனவே; அவரது புலமையும் முன்னர் இருந்ததே. மாறியது அன்பு சென்று பற்றிய இடம் ஒன்றே. முன்னையதைக் கற்றோர் சிலரே நினைவுகூர்வர். பின்னையதை நாடு முழுவதும் அறியும்.

சுப்பிரமணிய தேசிகர் 1888-ஆம் ஆண்டிற் பரிபூரணம் எய்தினார். சில ஆண்டுகளில், 1893-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஐம்பது வயதும் நிரம்பாத நிலையிற் சிவனாரும் சிவபதம் அடைந்தார். இந்நாட்டில் இசைத்தட்டுக்குக் குரல் பதிவுசெய்யும் வழக்கம் 1902-ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. ஆதலின் கேட்டோர் மறவாத அக்குரலை இனி எவரும் கேட்டற்கு இல்லை. இஃது ஆற்றொணா இழப்பே. அவர் இசையை நேரிற் கேட்டு உருகிய மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர் வரலாற்றைத் தனி நூலாக எழுதித் தம் நன்றிக்கடனைச் செலுத்தினார். மாணவராகிய சபேசையர் சிதம்பரத்தில் இசைக்கல்லூரித் தலைமை பூண்டு ஆசிரியரின் நெறியைப் பலர்க்கும் அளித்தார். அவர்பாற் கற்றவர் முசிரி சுப்பிரமணிய ஐயர். மேளராகமாலிகையை எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய இசைத்தட்டு எண்ணற்ற இல்லங்களிற் புகுந்தது.

குரல் உடம்போடு பிறந்து உடம்போடு ஒழிவது. அதனைக் கருவியாகக் கொண்டு செய்த தொண்டு மாணவர் நாவிலும் கேட்போர் நெஞ்சிலும் நின்று நிலவுவது. மறைந்த ஆசிரியரை நினைந்து வருந்துவோர், அவர் குரலைத் தேடி ஏங்குவதினும், அக்குரல் எவனை நோக்கி எழுந்ததோ அவனைப் பாடுதலே தக்க கைம்மாறாகும். இசை பயிலும் இளைஞர்கள் மேளராகமாலிகையைப் பயிலுங்கால், அதன் அருமைப்பாட்டோடு அது பிறந்த காரணத்தையும் உள்ளத்திற் கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.