இமாமுல் அஃலம் நடத்திய கடை

ஒரு தகப்பனார் இரவு பகலாக உழைத்துக் கடை வைக்கிறார். பெயரும் பொருளும் சேருகின்றன. அவர் கண் மூடிய சில ஆண்டுகளுக்குள் கடை கைமாறி விடுகிறது. இது நம் ஊர்களில் நாம் காணாத காட்சியல்ல. சரக்கு இருந்தது, முதல் இருந்தது, வாடிக்கையும் இருந்தது. அவருடைய இடத்தில் அமரத் தக்க ஆள் மட்டும் இல்லை. சொத்தைத் தேடி வைத்தவர் ஆளைத் தேடி வைக்கவில்லை.

ஆளை எப்படி உருவாக்குவது? இதற்கு விடை காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் எவருடைய மத்ஹபைப் பின்பற்றித் தொழுகிறார்களோ அந்த இமாமுல் அஃலம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. அவர்கள் மார்க்க மேதை என்பதை அனைவரும் அறிவோம். துணி வியாபாரி என்பதைப் பலர் மறந்து விடுகிறோம்.

இராக்கின் கூபா நகரில் ஹிஜ்ரி 80ல் (கி.பி. 699) பிறந்த அவர்களின் இயற்பெயர் நுஃமான். தந்தையார் பெயர் தாபித். பாரசீக வழி வந்த வணிகக் குடும்பம். பட்டும் கம்பளியும் கலந்து நெய்த கஸ் என்னும் விலையுயர்ந்த துணியே அவர்களின் சரக்கு. இளமையில் கடைத்தெருவே கதியென்று இருந்தவர்களை ஒரு நாள் இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள் வழியில் கண்டார்கள். இளைஞரின் கூர்மையைப் புரிந்துகொண்டு, உலமாக்களின் சபைக்கும் சென்று வருமாறு உபதேசித்தார்கள். அந்தச் சொல் மனத்தில் பதிந்தது. கடையைக் கைவிடாமலே கல்வியைத் தேடினார்கள். இறுதியில் ஹம்மாது இப்னு அபீசுலைமான் (ரஹ்) அவர்களின் பிக்ஹு சபையில் அமர்ந்தார்கள்.

ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சென்றன. தனியாகச் சபை நடத்தலாமே என்ற எண்ணம் உள்ளத்தில் எழுந்தது. அந்த எண்ணத்தோடு பள்ளிக்குள் நுழைந்தவர்கள் உஸ்தாதைக் கண்டதும், அவரை விட்டுப் பிரிய மனமின்றி வழக்கமான இடத்திலேயே அமர்ந்து விட்டார்கள். அன்றிரவே பஸராவில் உஸ்தாதின் உறவினர் ஒருவர் இறந்துவிட்ட செய்தி வந்தது. இறந்தவருக்கு வேறு வாரிசு இல்லை. உஸ்தாது தம் இடத்தில் மாணவரை அமர்த்திவிட்டுப் புறப்பட்டார்கள்.

இரண்டு மாதங்கள் அபூஹனீபா (ரஹ்) சபையை நடத்தினார்கள். உஸ்தாதிடம் கேட்டறியாத புதுப்புது மஸ்அலாக்கள் வந்தன. பதில் சொல்லியதோடு நில்லாமல் ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்கள். உஸ்தாது திரும்பியதும் அந்த ஏட்டை அவர் முன் வைத்தார்கள். மொத்தம் 60 கேள்விகள். நாற்பதுக்குச் சொன்ன விடைகளை உஸ்தாது ஏற்றார்கள். இருபதில் மாறுபட்டார்கள். அன்றைக்கே, உஸ்தாதின் ஆயுள் உள்ளவரை அவரை விட்டுப் பிரிவதில்லை என்று அபூஹனீபா (ரஹ்) உறுதி பூண்டார்கள். அப்படியே ஹிஜ்ரி 120ல் ஹம்மாது (ரஹ்) மறையும் வரை, மொத்தம் 18 ஆண்டுகள் அவர்களிடம் பயின்றார்கள். தம் மகனுக்கும் ஹம்மாது என்றே பெயரிட்டிருந்தார்கள்.

இதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். நாற்பது சரி என்று மகிழ்ந்து வெளியேறியிருக்கலாம். இருபது தவறு என்பதைக் கண்டு அமர்ந்தார்கள். அந்த உஸ்தாதும் மாணவரை என்றென்றும் நிழலிலேயே வைத்திருக்கவில்லை. பொறுப்பைக் கையில் கொடுத்தார்கள், திரும்பி வந்து கணக்குப் பார்த்தார்கள். பொறுப்புக் கொடுக்காமல் ஆள் வளர்வதில்லை. கணக்குப் பார்க்காமல் கொடுத்தாலும் வளர்வதில்லை.

இனி அவர்களின் கடைக்குள் போவோம். ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை விற்க வந்து 100 திர்ஹம் கேட்டார். அது அதற்கு மேல் பெறும் என்றார்கள் இமாம் அவர்கள். அந்த அம்மையார் நூறு நூறாக உயர்த்தி 400 வரை வந்தார். இன்னும் பெறும் என்று சொல்லவே, தம்மைக் கேலி செய்வதாக எண்ணி விட்டார். விலை மதிக்க ஓர் ஆளை அழைத்துவரச் செய்து, 500 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். விற்பவரின் அறியாமையை இலாபமாக்கிக் கொள்ள அவர்கள் மனம் ஒப்பவில்லை.

ஹப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான் என்பவர் அவர்களின் வியாபாரக் கூட்டாளி. ஒருமுறை அவரிடம் துணிகளை அனுப்பியபோது, குறிப்பிட்ட ஒரு துணியில் குறை உண்டு, விற்கும்போது அதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இமாம் சொல்லியனுப்பினார்கள். ஹப்ஸ் மறந்து போனார். துணிகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. குறையுள்ள துணியை வாங்கியவர் யாரென்றும் அவருக்குத் தெரியவில்லை. செய்தி அறிந்த இமாம் அவர்கள் அந்தச் சரக்கு விற்ற பணம் முழுவதையும் ஸதகா செய்து விட்டார்கள்.

மறந்தவர் கூட்டாளி. விலை கொடுத்தவர் இமாம். மற்றவர் செய்த பிழைதானே என்று கை கழுவியிருந்தால் உலகம் குறை சொல்லியிருக்காது. ஆனால் நாளைக்குக் கடைப் பையன் முதல் கூட்டாளி வரை எல்லாரும் என்ன படித்திருப்பார்கள்? குறையை மறைத்தாலும் காசு கல்லாவில் தங்கும் என்பதைத்தான். தலைவர் வாயால் சொல்லும் பாடத்தைவிட, தம் பணத்தை இழந்து சொல்லும் பாடம் ஆழமாகப் பதியும்.

வியாபாரத்தில் வந்த இலாபத்தில் உலமாக்களுக்கும் மாணவர்களுக்கும் வேண்டிய உணவும் உடையும் வாங்குவார்கள். மீதியையும் அவர்களுக்கே கொடுத்து, தமக்கு நன்றி சொல்ல வேண்டாம், அல்லாஹ்வுக்கே நன்றி செலுத்துங்கள் என்பார்கள். அப்படி வளர்ந்தவர்களில் ஒருவர்தாம் அபூயூஸுப் (ரஹ்). ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பிழைப்புக்கு வழி தேடாமல் பாடத்தில் உட்கார்ந்திருக்கிறானே என்று வீட்டார் தடுத்தார்கள். மாணவர் சபைக்கு வராததைக் கண்டு இமாம் விசாரித்தார்கள். காரணம் தெரிந்ததும் 100 திர்ஹம் கொண்ட பையைக் கொடுத்து, தீர்ந்ததும் சொல்லும்படி கூறினார்கள். ஆனால் அவர் கேட்கும் நிலையே வரவில்லை. தீரும் சமயம் பார்த்துத் தாமாகவே கொடுத்து வந்தார்கள்.

கொடுத்ததோடு கடமை தீர்ந்ததென்று இருந்துவிடவும் இல்லை. ஒரு சமயம் அபூயூஸுப் (ரஹ்) முதிர்ச்சி வரும் முன்னரே தனிச் சபை தொடங்கி விட்டார்கள். இமாம் கோபிக்கவில்லை. ஓர் ஆளிடம் ஒரு கேள்வியை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். சலவைக்காரர் ஒருவர், துணியை வாங்கவே இல்லை என்று முதலில் மறுத்துவிட்டு, பிறகு சலவை செய்த துணியைக் கொண்டு வந்து கொடுக்கிறார். அவருக்குக் கூலி உண்டா? உண்டு என்றார் அபூயூஸுப். தவறு என்றார் வந்தவர். இல்லை என்றார். அதுவும் தவறு என்றார். அபூயூஸுப் (ரஹ்) எழுந்து நேரே உஸ்தாதிடம் வந்தார்கள். மறுக்கும் முன்பே சலவை செய்திருந்தால் உரிமையாளருக்காகச் செய்தது, கூலி உண்டு. மறுத்த பின் செய்திருந்தால் தமக்கென்று செய்துகொண்டது, கூலி இல்லை. விளக்கம் கேட்ட மாணவர் மீண்டும் பாடத்தில் அமர்ந்தார். தம் இருபது பிழைகளை ஒருநாள் கண்டவர், மாணவருக்கும் அதே வழியைக் காட்டினார்கள்.

இமாமின் சபையில் ஒருவர் பேச மற்றவர் தலையாட்டும் வழக்கம் இல்லை. ஒரு பிரச்சினையை நடுவில் வைப்பார்கள். மாணவர்கள் வாதிடுவார்கள், மறுப்பார்கள். முடிவு தெளிந்த பின்னரே அது எழுதப்படும். இமாமின் முகத்துக்கு நேரே மாறுபட்ட கருத்தைச் சொல்ல எந்த மாணவரும் அஞ்சவில்லை.

பதவி அவர்களைத் தேடி வந்தது. உமையாக்கள் காலத்தில் இராக்கின் கவர்னராயிருந்த இப்னு ஹுபைரா அளித்த பதவியை மறுத்ததற்காகக் கசையடி பட்டார்கள். பின்னர் அப்பாஸிய கலீபா மன்ஸூர் காழிப் பதவி ஏற்கும்படி வற்புறுத்தினார். அதையும் மறுத்துச் சிறை புகுந்தார்கள். ஆட்சியாளரின் விருப்பத்துக்கு வளைந்து தீர்ப்புச் சொல்ல நேருமோ என்ற அச்சமே காரணம். சொந்தக் கடையின் வருவாயில் வாழ்ந்தவர்களுக்கு அரண்மனையின் தயவு தேவைப்படவில்லை. ஹிஜ்ரி 150ல் (கி.பி. 767) பக்தாதில் வபாத்தானார்கள்.

அவர்கள் மறைந்த பின் சபை கலைந்துவிடவில்லை. ஜுபர் (ரஹ்) இருந்தார்கள். இமாம் முஹம்மது ஷைபானீ (ரஹ்) நூல்கள் எழுதி மத்ஹபை நிலைநிறுத்தினார்கள். வீட்டார் வேலைக்கு அனுப்ப நினைத்த அந்த ஏழை மாணவர் அபூயூஸுப் (ரஹ்), கலீபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியானார்கள். வரி வசூலில் குடிமக்களுக்கு அநீதி நேராதிருக்க, கிதாபுல் கராஜ் என்னும் நூலைக் கலீபாவுக்காக எழுதிக் கொடுத்தார்கள். உஸ்தாது மறுத்த பதவியை மாணவர் ஏற்றார். பல மஸ்அலாக்களில் உஸ்தாதுக்கு மாறான தீர்ப்பும் சொன்னார். தாமே சிந்தித்து முடிவெடுக்கும் ஆளை உருவாக்குவதுதான் பயிற்சியின் நோக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடை வைத்திருக்கும் பெரியவர்களே! உங்கள் பிள்ளையிடமோ, கடையில் நிற்கும் ஏழைப் பையனிடமோ ஒரு சிறு பொறுப்பையாவது கொடுத்து, பிறகு அமர்ந்து கணக்குப் பாருங்கள். பிழை கண்டால் அவமானப்படுத்தாமல் அவனே உணரும்படி செய்யுங்கள். அவனுடைய வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று விசாரியுங்கள். இளைஞர்களே! நாற்பது சரியாக இருக்கும் நாளில் மீதி இருபதையும் எண்ணிப் பாருங்கள்.

ஹலாலான தொழிலையும், அதை அமானத்தாக ஏந்திச் செல்லும் நல்ல வாரிசுகளையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.