ஒரு ரூபாய்க் கட்டணமும் வ.உ.சி.யும்

நெய்வேலி நகரியத்தில் மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர், வணிகர்கள் கூட்டாகக் கொள்முதல் செய்வது குறித்து அண்மையில் என்னிடம் யோசனை கேட்டார். கைப்பேசியில் கேட்டால் பொருள் வாசலுக்கே வந்துவிடுகிறது. அங்கு விற்கும் விலைக்குத் தம்மால் கொள்முதல்கூடச் செய்ய இயலவில்லை என்பது அவர் குறை. (சென்ற மாதம் நானும் அப்படித்தான் அரிசி வாங்கினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.) பொருளியல் பேராசிரியரிடம் சூத்திரம் இருக்கும் என்று நம்பினார் போலும். எனக்கு நினைவில் வந்தவர் வ.உ.சிதம்பரனார்.

1872 செப்டம்பர் 5-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, வழக்குரைஞராகித் தூத்துக்குடியில் குடியேறியவர் அவர். செக்கிழுத்த செம்மலாகவே பாடநூல்கள் அவரை நமக்குக் காட்டின. நான் வியப்பதோ அவர் பங்கு திரட்டிய திறனை.

தூத்துக்குடி - கொழும்பு கடல்வழி அன்று பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்தது. அதற்கு எதிராக வாடகைக்கு அமர்த்திய கப்பல்கள், அக்கம்பெனியின் நெருக்குதலால் திரும்பப் பெறப்பட்டன. சொந்தக் கப்பல் இல்லாமல் ஆகாது என்பது வ.உ.சி.க்கு விளங்கியது. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். தலா 25 ரூபாயில் 40,000 பங்குகள். செல்வந்தரை மட்டும் நாடியிருந்தால் பங்கின் விலை இவ்வளவு சிறிதாக இருந்திருக்காது. பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் தந்தார். வீட்டில் மகன் நோயுற்றிருக்க, மனைவி நிறைமாதமாக இருக்க, கப்பல் வாங்கப் பம்பாய் புறப்பட்டார் வ.உ.சி. 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சங்கத்திற்குச் சொந்தமாயின.

அதன் பிறகு நடந்ததைப் பொருளியலில் கொள்ளை விலைப் போட்டி என்போம். போட்டிக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது, சுதேசி எட்டணாவாக்கியது. பின்னர் கட்டணமே வேண்டாம் என்றது எதிர்த்தரப்பு. குடையும் இலவசமாகத் தந்ததாகச் சொல்வதுண்டு. பெரிய கம்பெனிக்கு மற்ற வழித்தடங்களின் லாபம் கைகொடுத்தது. சுதேசிக்கு இருந்தது இந்த ஒரு வழிதான். சுதேசி உணர்வால் பயணிகள் சில காலம் தாங்கிப் பிடித்தனர். ஆனால் உணர்வை ஐந்தொகையில் வரவு வைக்க முடியாது.

அரசியலும் குறுக்கிட்டது. 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. துணை நின்றார். பங்குதாரர் சிலருக்கு அவருடைய அரசியல் அச்சத்தைத் தந்தது. வணிகம் வேறு, கிளர்ச்சி வேறு என்று அவர்கள் கருதினர். அவர்களை நான் முழுதும் குறைகூற மாட்டேன், பணம் அவர்களுடையது. அவ்வாண்டு மார்ச்சில் அவர் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. காலியா போட்டிக் கம்பெனிக்கே விலைபோனது.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. வழக்குரைஞர் உரிமையும் பறிபோயிருந்தது. பல்லாண்டு கழித்தே திரும்பக் கிடைத்தது. இடையே வறுமையோடு தமிழ்ப் பணியும் செய்தார். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் மறைந்தார். வணிகர்களை ஒன்றுசேர்த்த அம்மனிதர் எழுதிவைத்த உயிலில், கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிகளும் இடம்பெற்றிருந்தன.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். வரும் ஞாயிறன்று கடைக்காரர்கள் கூடுகிறார்கள், என்னையும் அழைத்திருக்கிறார். எத்தனை மாத இழப்பைத் தாங்க ஆளுக்கு எவ்வளவு தனியே ஒதுக்கப் போகிறீர்கள் என்பதைத்தான் அங்கே முதலில் கேட்கவிருக்கிறேன்.