பட்ட காலிலே பட்டும் பற்றுக்கோலை விடாதவர்

நம்ம தோட்டத்துச் சனங்களுக்குச் சாவும் பிரிவும் புதுசு இல்லை. லயத்திலே ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால், அந்த வரிசை முழுக்க அடுப்பு எரியாமல் கிடந்த காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காரியம் முடிந்து, கருமாதியும் முடிந்து, மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய் நின்றவர்கள் நாம். தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பிறந்த லயத்தையே விட்டு வெளியேறிய குடும்பங்களும் நம்மிடையே எத்தனையோ!

இப்படி அடிமேல் அடி விழும்போது மனசு என்ன கேட்கிறது? சாமி என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் நம்மைத்தானா பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும் என்று கேட்கிறது. கேட்பது தப்பு என்று நாம் சொல்ல மாட்டோம். அதே கேள்வியோடு பல வருசம் வாழ்ந்து, கடைசியில் மன அமைதி கண்ட ஒரு பெரியவரின் கதையை இன்று சொல்லப் போகிறோம். அவர்தான் மகாகவி ரவீந்திரநாத் தாகூர்.

தாகூர் என்றதும் வெள்ளைத் தாடியும் நீண்ட அங்கியும் நோபல் பரிசும்தான் நமக்கு ஞாபகம் வரும். பணக்காரருக்கு என்ன துன்பம் இருந்திருக்கும் என்று நினைப்போம். அப்படியில்லை. சாவு அவர் வீட்டு வாசலை மிதித்ததுபோல நம்மில் பலர் வீட்டைக்கூட மிதித்திருக்காது.

தாகூர் 1861-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் கல்கத்தாவில், ஜொராசங்கோ என்ற இடத்தில் ஒரு பெரிய ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் தேவேந்திரநாத், தாயார் சாரதா தேவி. அந்தத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் ஒரு டஜனுக்கும் மேல். அதில் இவர் கடைக்குட்டிகளில் ஒருவர். தாய் மடியிலே கொஞ்சி வளர்ந்தவர் அல்ல. வேலைக்காரர்கள் கையிலே வளர்ந்தவர். ஒரு வேலைக்காரன் தன் வேலை கெடாமல் இருக்க, தரையிலே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டுப் பிள்ளையை அதற்குள்ளே உட்கார வைத்துவிட்டுப் போவானாம். சீதைக்கு இலட்சுமணன் கோடு போட்ட கதையைக் கேட்டிருந்த பிள்ளை, வட்டத்தைத் தாண்டப் பயந்து, சன்னல் வழியாகக் குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்குமாம்.

1875-இல் தாயார் இறந்தார். அப்போது தாகூருக்குப் பதினான்கு வயதுகூட நிறையவில்லை. தாயில்லாத பிள்ளையை அணைத்துக்கொண்டவர் அண்ணன் மனைவி காதம்பரி தேவி. அவரும் இள வயசுக்காரர்தான். தாகூர் எழுதிய பாட்டை முதலில் கேட்பதும், நல்லது கெட்டது சொல்வதும் அவரே. அந்த அண்ணியார் 1884-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தாகூருக்குக் கல்யாணம் ஆகி நாலே மாதம்தான் ஆகியிருந்தது. வயது இருபத்திரண்டு. நேற்றுவரை கண் முன்னே நடமாடியவர் இன்று இல்லை என்பதை அவரால் நம்ப முடியவில்லை. வெகுகாலம் அந்த இருட்டிலேயே தடவிக்கொண்டிருந்தார்.

மனைவி மிருணாளினி தேவி. கல்யாணத்தின்போது பத்து வயதுச் சிறுமி. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. பேலா, ரதி, ரேணுகா, மீரா, சமி என்று ஐந்து குழந்தைகள் பிறந்தார்கள். குடும்ப நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தாகூர் தலையில் விழுந்தது. பத்மா நதியில் படகிலேயே தங்கி, ஊர் ஊராகப் போய் வரி வாங்க வேண்டிய வேலை. வரி வாங்கப் போன இடத்தில்தான் ஏழைக் குடியானவன் படும் பாட்டைக் கண்ணாரக் கண்டார்.

1901 டிசம்பரில் சாந்திநிகேதனில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். முதலில் ஐந்தே பிள்ளைகள். அதிலே ஒருவன் சொந்த மகன். மரத்தடியில் பாடம். கைப்பணம் போதவில்லை. பூரியில் இருந்த வீட்டை விற்றார். மிருணாளினி அம்மாள் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். வந்த பிள்ளைகளுக்குத் தம் கையாலே சமைத்தும் போட்டார்.

அடிமேல் அடி

பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு வருசம் முடியவில்லை. அந்த அம்மாள் படுக்கையில் விழுந்தார். கூலிக்கு ஆள் வைக்காமல், இரண்டு மாதத்துக்கு மேல் இராப் பகலாகத் தாகூரே பக்கத்தில் இருந்து பார்த்தார். மின்விசிறி இல்லாத காலம். கைவிசிறி கொண்டு விசிறினார். 1902 நவம்பரில் அம்மாள் போய்விட்டார். அன்று இரவு முழுக்கத் தாகூர் மொட்டை மாடியில் தனியாக நடந்துகொண்டே இருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, மகன் ரதியைக் கூப்பிட்டு, தாயின் காலணியை அவன் கையில் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த அடி ரேணுகா. அந்தப் பெண்ணைப் பத்துப் பதினோரு வயதிலேயே கட்டிக் கொடுத்திருந்தார். பால்ய விவாகத்தின் தீமையை அறிந்தவர்தான். ஆனாலும் தம் வீட்டில் அதையே செய்தார். பெரிய மனிதரானாலும் தப்புச் செய்யாதவர் உண்டா? காசநோய் கண்ட மகளை, மலைக்காற்று நல்லது என்று இமயமலைப் பக்கம் அல்மோராவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். தாயில்லாத தம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கேதான் குழந்தைப் பாட்டுகள் எழுதினார். பலன் இல்லை. 1903 செப்டம்பரில் அந்தப் பெண்ணும் போனது. 1905 ஜனவரியில் தகப்பனார் தேவேந்திரநாத்தும் காலமானார்.

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பார்கள் நம் ஆட்கள். 1907-இல் கடைக்குட்டி சமி, பள்ளி விடுமுறைக்கு ஒரு சிநேகிதனோடு முங்கேர் என்ற ஊருக்குப் போனான். போன இடத்தில் காலரா. தந்தி கிடைத்துத் தகப்பன் ஓடினார். பதினோரு வயதுகூட நிறையாத பிள்ளை அவர் கண் எதிரே கண்ணை மூடிற்று. தாய் செத்த அதே நவம்பர் மாதம்!

ரயில் வண்டியில் ஓர் இரவு

பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ரயிலில் திரும்பினார். இரவு நேரம். சன்னலுக்கு வெளியே நல்ல நிலவு. வானம், வயல், மரம் எல்லாம் பால் ஊற்றியதுபோல் கிடந்தன. தம் பிள்ளை இல்லாமற் போயும், இந்த உலகத்தில் எதுவும் குறைந்துபோனதாக அந்த நிலவுக்குத் தெரியவில்லை. நமக்காக இருந்தால் ஆத்திரம்தான் வந்திருக்கும். அவருக்கு வேறொன்று தோன்றிற்று. எல்லாம் ஒரு முழுமைக்குள்ளே இருக்கிறது. போன பிள்ளையும் அதற்குள்ளேதான் இருக்கிறான். இருக்கிற தாமும் அதற்குள்ளேதான். இன்னும் செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது என்று தோன்றிற்று. இருபத்தைந்து வருசம் கழித்து, இன்னொரு சாவின்போது, மகளுக்கு எழுதிய கடிதத்தில் இந்த இரவை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

பள்ளிக்குத் திரும்பினார். பாடம் நடத்தினார். பொழுது விடியுமுன்னே எழுந்து, கிழக்கே பார்த்து மௌனமாக உட்காருவது அவர் வழக்கம். நம்ம ஆட்கள் பெரட்டுக்குப் புறப்படுகிற நேரந்தான் அது. உருவ வணக்கம் இல்லாத பிரம்ம சமாஜக் குடும்பம் அவருடையது. சாந்திநிகேதனில் கண்ணாடியால் கட்டிய தொழுகை மண்டபம் ஒன்று உண்டு. அங்கே பிள்ளைகளோடு உட்கார்ந்து கடவுளைப் பற்றிப் பேசினார், பாடினார். அப்படிப் பிறந்த பாட்டுகள் பலவும் சேர்ந்து 1910-இல் கீதாஞ்சலி என்ற புத்தகமாக வந்தன. தாமே செய்த ஆங்கில ஆக்கம் 1912-இல் லண்டனில் வெளியாயிற்று. 1913-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு. ஆசியாக் கண்டத்திலேயே அந்தப் பரிசை முதலில் வாங்கியவர் அவர்தான். உலகமே மெச்சிய அந்தப் புத்தகத்துக்கு அடியிலே மனைவியும் மக்களும் போன துக்கம் கிடக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. பரிசுப் பணத்தை என்ன செய்தார்? குடியானவர்கள் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்க, பதிசார் என்ற ஊரில் தாம் ஏற்படுத்திய விவசாய வங்கியிலே போட்டார்.

அதோடு துன்பம் தீர்ந்துவிட்டதா? இல்லை. 1914-இல், புகழின் உச்சியில் இருக்கும்போதே மனசு இருண்டு, சாவே மேல் என்று நினைக்கிற அளவுக்குப் போனார். அதை மகனிடம் மறைக்காமல் எழுதியும் தெரிவித்தார். அமைதி என்பது ஒரு தடவை கிடைத்தால் ஆயுசுக்கும் நிற்கிற பொருள் அல்ல. திரும்பத் திரும்பத் தேடிக்கொள்ள வேண்டியது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

மூத்த மகள் பேலாவுக்கும் காசநோய். மருமகனுக்கும் தாகூருக்கும் மனஸ்தாபம். இருந்தாலும் தினமும் வண்டி கட்டிப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். 1918 மே மாதத்தில் ஒரு நாள் வாசலுக்குப் போனபோதே செய்தி தெரிந்தது. மாடி ஏறாமல் வண்டியைத் திருப்பச் சொன்னார். 1932-இல், மீராவின் ஒரே மகன், அச்சுத்தொழில் படிக்கப் போன இடத்தில், ஜெர்மனியில் இறந்தான். தாத்தாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது.

இத்தனைக்கும் நடுவே மனிதர் சும்மா இருக்கவில்லை. 1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து, வெள்ளைக்கார அரசாங்கம் கொடுத்த சர் பட்டத்தை வேண்டாம் என்றார். 1922-இல் கிராம மக்களுக்காக ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார். 1927-இல் அறுபத்தாறாம் வயதில் நம்ம மலாயாவுக்கும் வந்தார். ஜூலையில் சிங்கப்பூரில் இறங்கி, மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், பினாங்கு என்று ஊர் ஊராகப் பேசினார்; தம் விசுவபாரதி கலாசாலைக்கு நிதியும் திரட்டினார். அன்று அவரைப் பார்த்த சனங்களுக்கு, அந்த அங்கிக்குள்ளே இத்தனை காயம் இருப்பது தெரிந்திருக்குமா?

1941 ஆகஸ்டு 7-ஆம் நாள், தாம் பிறந்த அதே ஜொராசங்கோ வீட்டிலேயே தாகூர் கண்ணை மூடினார். தமக்குப் பிறகுதான் பாட வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு பாட்டை எழுதி வைத்திருந்தார். அவர் விருப்பப்படி சாந்திநிகேதனில் அதைப் பாடினார்கள். சாவோடு ஆயுசு பூராவும் பழகியவர், அதைக் கண்டு மிரளாமல் போய்ச் சேர்ந்தார்.

இதிலே நமக்கு என்ன பாடம்? அழக்கூடாது என்று அவர் வாழ்ந்து காட்டவில்லை. அழுதார், நடந்தார், இரவெல்லாம் விழித்தார். ஆனால் துக்கத்தைச் சாராயக் கடையில் கொண்டுபோய்க் கொட்டவில்லை. இருக்கிற பிள்ளைகளைக் கைவிடவில்லை. சாமியோடு சண்டை போட்டாலும் சாமியோடு பேச்சை நிறுத்தவில்லை. தம் பிள்ளைகள் போன பிறகு ஊரார் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக்கிக்கொண்டார்.

நமக்குப் பாட்டு எழுத வராது. வர வேண்டியதும் இல்லை. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுமுன் கோயில் பக்கம் பார்த்து ஒரு நிமிசம் நிற்கலாம். பக்கத்து வீட்டுத் தாயில்லாப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போடலாம். போனவர்கள் பேரால் நாம் செய்யக்கூடிய பெரிய திவசம் அதுதான்.