ஜார்ஜ் கிளாடும் கடற்குழாயும்

செவ்வொளி வீசும் நியான் விளக்கை 1910-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்தாருக்குக் காட்டியவர் ஜார்ஜ் கிளாட் என்பதைப் பலர் அறிவர். 1870-ல் அந்நகரிற் பிறந்த அவர், காற்றைத் திரவமாக்கும் தொழிலாற் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டியதிற் பெரும்பகுதியைக் கடலிலே இட்டார் என்று நாம் சொன்னால் அது மிகையன்று.

வெப்ப நாட்டுக் கடலில் மேல்நீர் சூடானது, ஆழ்நீர் குளிர்ந்தது. மேல்நீரைக் காற்றகற்றிய கலத்தில் ஆவியாக்கிச் சக்கரம் சுழற்றி, அவ்வாவியை ஆழ்நீராற் குளிர்விக்கலாம் என்பது அவர் கருத்து. அதற்கு இன்றியமையாதது ஒரு நெடுங்குழாய்.

கரையருகிலேயே அடித்தளம் விரைந்து ஆழ்கின்ற இடம் வேண்டுமன்றோ? கியூபா தீவின் மத்தான்சாஸ் விரிகுடா அத்தகையது. சுமார் 2 கிலோமீட்டர் நீளக் குழாயை அச்சரிவில் இறக்க முயன்றார். முதற்குழாய் கடலுட் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது 1930-ல் நிலைத்து, 22 கிலோவாட் மின்சாரம் கிடைத்தது. நீரிறைக்கவே அதனினும் மிகுதி செலவாயிற்று! சின்னாளில் அலைகள் அதனையும் சிதைத்தன. 1935-ல் பிரேசிலுக்கப்பால் கப்பலிலிருந்து இறக்கிய குழாயும் கைவிட்டுப் போயிற்று.

பிற்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளருக்குத் துணைநின்ற குற்றத்திற்காக 1945-ல் ஆயுட்சிறை விதிக்கப்பெற்றார். இதனை மறைத்தல் நமக்கு முறையன்று. விடுதலை பெற்றபின் 1960-ல் காலமானார்.